‘ஒத்துழைக்காத நோயாளி’ என்னும் வசதியான கற்பனை: குண்டலுபேட்டையும் ஒரு பி.பி. மாத்திரையும்

உயர் இரத்த அழுத்தம் குறித்து இந்தியாவில் எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு பாத்திரம் தவறாமல் வந்துபோகிறது. அதற்குப் பெயரில்லை, ஊரில்லை, தொழிலில்லை. ‘சிகிச்சைக்கு ஒத்துழைக்காத நோயாளி’ என்பது மட்டுமே அதன் அடையாளம். அட்டவணையில் அது ஒரு விழுக்காடாக நிற்கும். முடிவுரையில், ‘கிராமப்புற மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்’ என்னும் பரிந்துரைக்குக் காரணமாக அமையும். அத்துடன் ஆய்வேடு முடிந்துவிடும், பட்டமும் கிடைத்துவிடும்.

இந்தப் பாத்திரம் ஒரு கற்பனை. மருந்து வழங்கும் அமைப்பு, மருந்து விற்கும் நிறுவனம், அளந்து எழுதும் ஆய்வாளர் ஆகிய மூவரும் ஒருசேரப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள உதவும் கற்பனை. நாடெங்கும் இரத்த அழுத்தத்திற்கு முதலில் எழுதப்படும் மாத்திரைகளுள் ஒன்றான ஆம்லோடிபைனை எடுத்துக்கொண்டு, அதன் வேதியியலையும் அது சென்றுசேரும் ஊரின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே இது விளங்கிவிடும்.

ஊர் குண்டலுபேட்டை. 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்து, பின்னர் சாமராஜநகர் மாவட்டத்திற்குள் வந்த தாலுக்கா. மைசூருவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவு. இங்கிருந்து ஒரு சாலை பந்திப்பூர் காட்டைக் கடந்து கூடலூருக்கும் உதகைக்கும் செல்கிறது. மற்றொன்று வயநாட்டுக்குச் செல்கிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்தக் காட்டுச் சாலைகளில் பொதுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் வானம் பார்த்த பூமி. செண்டுமல்லி, சூரியகாந்தி, மஞ்சள், வாழை, காய்கறி ஆகியன இங்கு விளைகின்றன. ஓணத்திற்குக் கேரளம் போடும் பூக்கோலத்தில் இவ்வூர்ப் பூவும் உண்டு. பூப்பறிப்பும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலை. வேலையில்லாத மாதங்களில் குடகின் காப்பித் தோட்டங்களுக்கும் வயநாட்டுக்கும் கூலிக்குச் செல்வோர் இந்த வட்டாரமெங்கும் உண்டு.

இத்தகைய ஊரில் 55 வயதுள்ள பூப்பறிக்கும் பெண் ஒருத்தியை எண்ணிக்கொள்ளலாம். எவரையும் குறிப்பிட்டு அன்று. இந்த நிலப்பரப்பில் வாழ்ந்திருக்கக்கூடிய ஒருத்தி. அவளது அழுத்தம் 170/100. மருத்துவர் ஆம்லோடிபைன் 5 மில்லிகிராம் எழுதுகிறார். தேர்வு சரியானதே. அது ஏன் சரியானது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் பின்னால் நிகழும் தவறுகளின் அளவுகோல் அதில்தான் இருக்கிறது.

இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள மென்தசை சுருங்குவதற்குக் கால்சியம் செல்லுக்குள் நுழைய வேண்டும். அது நுழையும் வாயில்களுள் முக்கியமான ஒரு வகைக்கு ‘எல்’ வகைக் கால்சியம் சேனல் என்று பெயர். அதை அடைத்தால் தசை தளரும், குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். இந்தத் தத்துவத்தை 1960களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் நிறுவினார். பேயர் நிறுவனத்தின் நிஃபெடிபைன் 1975இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. வெராபமில், டில்டியாசெம் ஆகியவையும் கால்சியம் சேனல் தடுப்பான்களே; ஆனால் அவை இதயத் துடிப்பையும் மட்டுப்படுத்துபவை. நிஃபெடிபைன், ஆம்லோடிபைன் முதலியவை பெரிதும் இரத்தக் குழாய்களைக் குறிவைப்பவை.

நிஃபெடிபைனின் வரலாறு ஒரு பாடம். அது விரைந்து செயற்படும், விரைந்து மறையும். அந்த வேகத்தைப் பெருமையாகக் கருதிய மருத்துவ உலகம், மாத்திரையுறையைத் துளைத்து மருந்தை நாக்கின் அடியில் விடுவதை அவசர சிகிச்சையாக்கிக்கொண்டது. கருவியில் எண் சட்டென்று இறங்கியது. சில நோயாளிகளுக்கு அதனுடன் மூளைக்கும் இதயத்துக்கும் செல்லும் இரத்தமும் குறைந்தது. பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்தன. 1995இல் வெளியான ஆய்வுகள் குறுகிய நேரம் செயற்படும் வடிவங்களைப் பற்றி எச்சரித்தன. நாக்கின் அடியில் விடும் வழக்கத்தையே நிறுத்திவைக்க வேண்டும் என்று 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கோரிக்கை எழுந்தது. தாக்கும் இடம் அதே சேனல். தாக்கும் வேகம் மட்டுமே வேறு. இந்த மருந்துக் குடும்பத்தில் நன்மையையும் தீமையையும் பெரிதும் பிரித்தது காலம்தான்.

ஆம்லோடிபைனின் சிறப்பும் காலமே. அதன் அரை ஆயுட்காலம் 30 முதல் 50 மணி நேரம். மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். ஒருநாள் மறந்தாலும் வழக்கமான அளவில் பாதிக்கு மேல் இரத்தத்தில் எஞ்சியிருக்கும். பொட்டாசியத்தையோ கிரியேட்டினினையோ அடிக்கடி சோதிக்க வேண்டியதில்லை. ஆய்வகமில்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அச்சமின்றிக் கொடுக்கலாம். 2002இல் வெளியான ஆல்ஹாட் ஆய்வில் 33,357 பேர் பங்கேற்றனர். மாரடைப்பையும் இதய நோய் மரணத்தையும் பொறுத்தவரை குளோர்தாலிடோன் என்ற நீர்பிரிப்பு மாத்திரைக்கு ஆம்லோடிபைன் குறைந்ததன்று என அது காட்டியது. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் மட்டும் பின்தங்கியது. 2017இன் இறுதியில் தொடங்கப்பட்ட இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்னெடுப்பின் சிகிச்சை நெறிமுறைகள், மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்டாலும், பெரும்பாலும் ஆம்லோடிபைனில் தொடங்குவதற்குக் காரணங்கள் இவையே.

மறதியைப் பொறுத்துக்கொள்ளும் மருந்து இது. அப்படியானால், இந்த மருந்தும் தோற்கிறது என்றால், தோல்விக்குக் காரணம் மறதி மட்டுமாக இருக்க முடியாது. ஆய்வேடுகள் கேட்கத் தவறும் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எளிய கணக்கு. தினமும் உட்கொள்ளும்போது இரத்தத்தில் ஆம்லோடிபைன் நிலையான அளவை எட்ட 7 முதல் 8 நாள் ஆகும். அழுத்தத்தில் அதன் முழுப் பலனும் தெரியச் சில வாரங்கள் வேண்டும். ஓர் அட்டையில் பத்து மாத்திரை. இருப்பு குறைவு என்றோ, ‘மறுபடி வந்து காட்டட்டும்’ என்றோ ஒரே ஓர் அட்டையைக் கொடுத்தனுப்பும் மருந்தகத்தை எண்ணிப் பார்க்கலாம். மருந்து நிலையான அளவை எட்டி இரண்டு மூன்று நாளில் அட்டை தீர்ந்துவிடும். அடுத்த அட்டைக்கு அவள் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். பூப்பறிக்கும் பருவத்தில் அது இயலாது. குடகுக்குப் போயிருந்தால் நினைக்கவே முடியாது. பத்து நாள் இடைவெளி விழுந்தால் முன்பு உட்கொண்டதில் ஏறக்குறைய எதுவும் உடலில் எஞ்சாது. ஒருநாள் மறதியை மன்னிக்கும் மாத்திரை, பத்து நாள் பஞ்சத்தை மன்னிக்காது. ஒருநாள் மறதிக்கு நோயாளி காரணமாகலாம். பத்து நாள் பஞ்சத்துக்குப் பெரும்பாலும் வழங்கும் முறையே காரணம்.

அடுத்து நிகழ்வதே இக்கதையின் கொடுமையான பகுதி. இடைவெளிக்குப் பின் அவள் வருகிறாள். அழுத்தம் மீண்டும் 170. மருத்துவருக்கு முன் நீண்ட வரிசை. மாத்திரை எத்தனை நாள் கையில் இருந்தது என்று கேட்க நேரமில்லை. ‘5 போதவில்லை’ என்று 10 எழுதப்படுகிறது. மருந்து போதாததும் மருந்து இல்லாததும் கருவியில் ஒரே எண்ணாகவே தெரியும். அந்த இரண்டையும் வேறுபடுத்துவது ஒரேயொரு கேள்வி, அது கேட்கப்படவில்லை.

5இலிருந்து 10க்குப் போவது சிறிய செயலன்று. ஆம்லோடிபைனின் மருந்துக் குறிப்பேடே சொல்லும் கணக்கு இது: கால் வீக்கம் வெற்று மாத்திரை உட்கொண்டோரில் 0.6 விழுக்காடு, 5 மில்லிகிராமில் 3 விழுக்காடு, 10 மில்லிகிராமில் 10.8 விழுக்காடு. ஆண் பெண் என்று பிரித்துப் பார்த்தால் ஆண்களில் 5.6, பெண்களில் 14.6. இரு மடங்குக்கும் மேல். நாள் முழுதும் வயலில் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு அட்டவணையோடு முடிவதில்லை. மாலையில் செருப்பு நுழையாது. கால் வீங்கினால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்பது ஊரறிந்த நம்பிக்கை. முற்றிலும் மூடநம்பிக்கையும் அன்று. சிறுநீரக நோயில் கால் வீங்குவது உண்மைதானே? ‘இந்த மாத்திரையால் கால் வீங்கலாம், வீங்கினால் வந்து சொல்லுங்கள்’ என்று எவரும் அவளிடம் கன்னடத்தில் சொல்லவில்லை. அவள் தன் உடலைக் கூர்ந்து பார்த்தாள், புதிதாக வந்தது எது என்று எண்ணினாள், மாத்திரையை நிறுத்தினாள், வீக்கம் வடிந்தது. கருதுகோள், தலையீடு, விளைவு என மூன்றும் அதில் உள்ளன. ஆய்வாளர் செய்திருந்தால் அதற்குச் சோதனை என்று பெயர். அவள் செய்ததால் அதற்கு ஒத்துழையாமை என்று பெயர்.

அவள் நிறுத்தாமல் மருத்துவரிடமே திரும்பி வந்திருந்தால்? இரண்டு பாதைகள் திறந்திருக்கின்றன. இரண்டுமே சறுக்குப் பாதைகள்.

முதலாவது, வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. இது மருந்தியலின் அரிச்சுவடிக்கே முரணானது. ஆம்லோடிபைன் நுண்தமனிகளை விரிக்கிறது. எதிர்முனையிலுள்ள நுண்சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. நடுவிலுள்ள தந்துகிகளில் அழுத்தம் ஏறி, நீர் திசுவுக்குள் கசிகிறது. உடலில் உப்பும் நீரும் மிகுந்ததால் வந்த வீக்கமன்று அது. எனவே நீரை வெளியேற்றுவதால் பெரிதாகத் தீர்வதில்லை. மாறாக ஃபுரோசமைடு பொட்டாசியத்தைக் குறைக்கும். கழிப்பறையில்லாத வயலில் வேலை செய்யும் பெண்ணை அரைமணிக்கொரு முறை ஒதுங்க இடம் தேடவும் வைக்கும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயென எண்ணி இன்னொரு மருந்தை எழுதும் இந்தத் தொடர்வினை குண்டலுபேட்டைக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் ஒன்டாரியோ மாநில முதியோரிடையே கால்சியம் தடுப்பான்கள் தொடங்கப்பட்டவர்களுக்கு இத்தகைய நீர் மாத்திரைகள் எழுதப்படுவது மிகுந்திருந்ததை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இரண்டாவது பாதை சந்தையுடையது. 1990களில் ஜப்பானில் அறிமுகமான சில்னிடிபைன், ‘வீக்கம் தராத புதுத் தலைமுறை’ என்று இந்திய மருத்துவர்களின் மேசைகளில் பரப்பப்படுகிறது. அதில் கால் வீக்கம் குறைவு என்பதற்குச் சான்று உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மரணத்தையும் அது எந்த அளவு தடுக்கிறது என்பதை ஆல்ஹாட் போன்ற பெருஞ்சோதனை எதுவும் சோதித்துக் காட்டவில்லை. அரசு நிலையத்தில் இலவசமாகக் கிடைத்ததிலிருந்து தனியார் கடையில் மாதந்தோறும் காசு கொடுத்து வாங்குவதற்கு அவள் மாற்றப்படுகிறாள். காசில்லாத மாதத்தில் அந்த மாத்திரையும் நிற்கும். ஆய்வேட்டில் அவள் மீண்டும் அதே கட்டத்தில் குறிக்கப்படுவாள்.

சரியான பாதை இவ்விரண்டையும் விட எளிது, மலிவு. முதலில் மாத்திரை தொடர்ச்சியாகக் கையில் இருந்ததா என்று கேட்பது. இருந்தும் அழுத்தம் குறையவில்லை எனில், 10க்கு ஏறுவதற்குமுன் 5உடன் டெல்மிசார்ட்டான் போன்றதைச் சேர்ப்பது பற்றி எண்ணுவது. அந்த வகை மருந்துகள் நுண்சிரைகளையும் விரிப்பதால் கசிவு குறைகிறது; அழுத்தமும் கூடுதலாக இறங்குகிறது. அதற்குச் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கருவுறும் வயதுப் பெண்களுக்கு எச்சரிக்கை வேண்டும். இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பவையே. இல்லாதது, அவற்றைச் செய்வதற்கான ஐந்து நிமிடம்.

இனி ஆய்வாளர்களின் கருவிக்கு வரலாம். ஒத்துழைப்பை அளக்க உலகெங்கும், இந்தியாவிலும், மிகுதியாகப் பயன்படுவது மோரிஸ்கி அளவுகோல். 1986இல் வெளியான அதன் முதல் வடிவத்தில் நான்கே கேள்விகள். மருந்து உட்கொள்ள மறந்ததுண்டா, கவனக்குறைவாக இருந்ததுண்டா, நலமாக உணர்ந்தபோது நிறுத்தியதுண்டா, உடல்நிலை மோசமானதாக உணர்ந்தபோது நிறுத்தியதுண்டா என்பவை அவற்றின் சாரம். நான்கும் நோயாளியின் மனத்தையும் நடத்தையையும் குறித்தவை. நிலையத்தில் மருந்து இருந்ததா, எத்தனை நாளுக்குக் கொடுத்தார்கள், வந்துபோக எவ்வளவு செலவானது என்பவற்றுள் ஒன்றுகூட அதில் இல்லை. இருப்புக் குறைவை அளக்க இயலாத கருவியைக் கொண்டு அளந்துவிட்டு, இருப்புக் குறைவு ஒரு காரணமாகத் தென்படவில்லை என்று எழுதுவது ஆய்வாகுமா?

நான்காம் கேள்வியைப் பூப்பறிக்கும் பெண்ணிடம் கேட்டால் அவள் உண்மையைச் சொல்வாள்: ‘ஆம், கால் வீங்கியது, நிறுத்தினேன்’ என்று. பக்கவிளைவைக் கண்டறிந்த அந்த விடைக்கு அளவுகோல் தருவது குறைந்த மதிப்பெண். இந்தக் கருவியின் எட்டுக் கேள்வி வடிவத்திற்கு அடித்தளமான 2008ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2023இல் திரும்பப் பெற்றுவிட்டது என்பதையும் அதை மேற்கோள் காட்டுவோர் அறிந்திருப்பது நல்லது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘மக்கள் உண்மையிலேயே மறப்பதில்லையா? அறிகுறியில்லாத நோய் இது. தலைவலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்துவோர் ஆயிரம் பேர் இல்லையா?’ உண்டு. மறதியும் அலட்சியமும் நாட்டு மருந்தின் மீதான நம்பிக்கையும் உண்மையானவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உயர் இரத்த அழுத்தமுள்ளோரில் ஐந்தில் நால்வருக்குப் போதிய சிகிச்சை இல்லை. இவ்வளவு பெரிய தோல்விக்கு ஒற்றைக் காரணம் இருக்க முடியாது. கேள்வி, எந்தக் காரணத்தை முதலில் விலக்க வேண்டும் என்பதே. மருந்து இருந்தது, போதிய நாளுக்குக் கொடுக்கப்பட்டது, பக்கவிளைவு கேட்கப்பட்டது என்று உறுதிசெய்த பின்னரே எஞ்சியதை நோயாளியின் கணக்கில் எழுத இயலும். இப்போது நடப்பது தலைகீழ்: முதல் பழி நோயாளிக்கு, மற்றவை ‘ஆய்வின் வரம்புகள்’ என்னும் கடைசிப் பத்திக்கு.

வரிசையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுண்டு. இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தந்து சோதித்த டாப்ஸ்பின் ஆய்வு, இந்தியாவின் 32 மருத்துவ மையங்களில் ஏறத்தாழ 2000 பேரிடம் நடந்தது. மூன்று வகைச் சேர்க்கைகளும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஏறத்தாழ 70 விழுக்காட்டினரின் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. ஆய்வுக்கு முன்வருவோர் பொது மக்களின் சரியான மாதிரி அல்லர் என்பது மெய். ஆயினும் இவர்களும் இந்நாட்டு மக்களே. மருந்து கையில் இருந்தபோதும், குறித்த நாளில் ஒருவர் காத்திருந்து விசாரித்தபோதும் ‘ஒத்துழைக்காத இந்திய நோயாளி’ பெருமளவில் காணாமற் போய்விட்டார்.

2021இல் தமிழ்நாடு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் அடிப்படையும் இதுவே. நோயாளியின் மனத்தைத் திருத்தும் திட்டமன்று அது. மாத்திரை நடந்துசெல்ல வேண்டிய தொலைவைத் திருத்துவது. அதன் நிறைகுறைகளைத் தனியே பேசலாம். பழியை நோயாளியிடமிருந்து தொலைவின் மீது இடம்பெயர்த்தது என்ற அளவில் அது பல ஆய்வேடுகளை விடத் தெளிவான சிந்தனை.

குண்டலுபேட்டை போன்ற தாலுக்காக்களுக்கு ஆண்டுதோறும் வினாத்தாள் ஏந்திச் செல்லும் மாணவர்களும் அவர்களுடைய நெறியாளர்களும் செய்யக்கூடியவை மிகச் சில. மருந்தகப் பதிவேட்டைப் பார்த்து, கடந்த ஆண்டில் ஆம்லோடிபைன் இல்லாத நாட்கள் எத்தனை என்று எண்ணுவது. ஒரு வருகைக்கு எத்தனை நாள் மாத்திரை கொடுக்கப்பட்டது என்று குறிப்பது. 5இலிருந்து 10க்கு ஏற்றியபோது முந்தைய மாதம் மாத்திரை இருந்ததா எனக் கேட்கப்பட்டதா என்று பார்ப்பது. குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்ப்பது. குடகுக்கோ வயநாட்டுக்கோ செல்லும் மாதங்களைக் கேட்டு, அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே மாத்திரை தர வழியுண்டா என்று நிலையத்தாரிடம் வினவுவது. இவை எதற்கும் உரிமக் கட்டணமில்லை. முடிவு அட்டவணையில் நோயாளியின் ஒத்துழைப்புக்கு ஒரு நிரல் இருக்குமாயின், நிலையத்தின் ஒத்துழைப்புக்கும் ஒரு நிரல் இருக்கட்டும். அந்த இரண்டாவது நிரல் இல்லாத ஆய்வேட்டை நேர்முகத் தேர்வில் கேள்வியின்றிக் கடத்திவிடும் தேர்வாளரும் அந்தக் கற்பனைப் பாத்திரத்தின் இணையாசிரியரே.

ஆம்லோடிபைன் தன் பங்குக்கு ஒருநாள் தவறைப் பொறுத்துக்கொள்கிறது. ஓராண்டுக்குமேல் தொடரும் வழங்கல் தவறை அதனால் ஈடுகட்ட இயலாது. அதை ஈடுகட்டும்படி பூப்பறிக்கும் பெண்ணிடம் கேட்பதும் நியாயமன்று.